முத்துக்குமாருவின் எரிச்சலும் சீனியின் முழங்காலும்

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற முத்துக்குமாருவை யாரும் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டார்கள். செத்த வீடென்றால் முதல் ஆளாகப் போய்ப் பந்தலுக்குக் கால் நடுவார். கேட்டவருக்கு வாழைக்குட்டி கிண்டிக் கொடுப்பார். ஆனால் மனிதருக்கு எரிச்சல். அந்த ஒன்று போதாதா? அடுத்த வளவுக் குலையில் ஒரு சீப்புக் கூடுதலாகத் தள்ளியிருந்தால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

அடுத்த வளவு வேறு யாருடையதும் அல்ல, மனைவி குணலட்சுமியின் அண்ணன் தியாகராசாவுடையது. ஒரே காணியை இரண்டாக வெட்டித்தான் குணலட்சுமிக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள். நடுவில் இருந்த கிணற்றை வெட்ட முடியுமா? அது பங்குக் கிணறாகவே கிடந்தது. ஒரே கிணறு, ஒரே தண்ணீர், ஒரே செம்மண். அப்படியிருந்தும் தியாகராசாவின் இதரை வாழை ஏன் கொழுத்துக் குலை தள்ளுகிறது என்பதுதான் முத்துக்குமாருவை முப்பது வருடமாக அரித்துக்கொண்டிருந்த கேள்வி. அவர் தண்ணீர் இறைக்கிற மிசின் வாங்கினால் இவர் அதைவிடப் பெரிய மிசின் வாங்குவார். அவர் வீட்டுக்கு வெள்ளையடித்தால் இவர் நீலம் அடிப்பார். தியாகராசா இதையெல்லாம் கவனித்ததாகவே தெரியவில்லை. கவனித்திருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தியாகராசாவுக்கு மனைவி இல்லை, காலமாகிவிட்டாள். பிள்ளைகள் கொழும்பில். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வாழைப்பாத்திகளுக்கு நடுவே அங்கும் இங்கும் நடப்பார். அவ்வளவுதான் அவருடைய பொழுதுபோக்கு. “பெரிய இன்ஸ்பெக்டர், வாழையளைப் பரிசோதிக்கிறார்” என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முத்துக்குமாரு மனைவிக்குக் கேட்க முணுமுணுப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் சீனி வந்தது. மகள் ஆரணி கொழும்பில் வேலை செய்தபோது வளர்த்த பொமரேனியன் குட்டி, வெள்ளை வெளேரென்று. கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போனாள். அங்கே வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாதென்று சொல்லிவிட்டார். ஒரு கிழமைக்கு வைத்திருங்கோ அப்பா என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவள், பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தாலும் முத்துக்குமாரு கொடுத்திருக்கமாட்டார். தோட்டத்து நாயை வாசற்படிக்கு மேலே ஏற விடாத அந்த மனிதர், சீனியைக் கீழே இறக்கவே விடவில்லை. காலில் மண் பட்டால் உண்ணி ஏறும் என்பார். கக்கத்தில் வைத்துக்கொண்டு சந்திக்குப் போவார், தேத்தண்ணீர்க் கடையில் பணிஸ் என்கிற இனிப்பு ரொட்டி வாங்கிப் பிய்த்துப் பிய்த்து ஊட்டுவார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னிடம் இருப்பதும் தியாகராசாவிடம் இல்லாததுமாக ஒன்று கிடைத்துவிட்டது என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஒரு மாதம் நிலைத்திருந்தால் பெரிய காரியம்.

யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடுகளுக்கு நடுவே வேலி இருந்தாலும், ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு அதில் ஓர் இடைவெளி விடுவார்கள். பொட்டு என்பார்கள். கறி கொண்டு போகவும் கதை கொண்டு வரவும் அதுதான் வழி. மத்தியானம் முத்துக்குமாரு சாப்பிட்டுச் சரிந்த நேரம், குணலட்சுமி ரிவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த நேரம், சீனி அந்தப் பொட்டால் நுழைந்து போய்விட்டது. இவர் எழும்பித் தேடிக்கொண்டு போய்ப் பார்த்தால், தியாகராசா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாழைகளுக்குள் நடக்கிறார். பின்னால் சீனி, வயிறெல்லாம் சேறு, வாலை ஆட்டிக்கொண்டு குடுகுடுவென்று ஓடுகிறது. தியாகராசா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூப்பிடவில்லை, தடவவில்லை, தின்னக் கொடுக்கவில்லை. அப்படியும் அது அவருக்குப் பின்னால் போகிறது!

முத்துக்குமாருவுக்கு வயிறு பற்றி எரிந்தது. மனைவி வேறொருத்தனைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று குணலட்சுமியே பிறகு சொன்னாள்.

அடுத்த நாளும் போனது, அதற்கடுத்த நாளும் போனது. நாலாம் நாள் முத்துக்குமாரு வேலிக் கதியாலும் ஓலையும் கொண்டுவந்து பொட்டை அடைத்துவிட்டார். பொட்டை அடைத்தால் கதை முறிந்தது என்றுதான் ஊரில் அர்த்தம். குணலட்சுமி அழுதாள். “ஒரு நாய்க்காக என்ரை அண்ணையை அறுத்துப் போட்டியள்” என்றாள். முத்துக்குமாரு கட்டுக்கம்பியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

அடைத்தும் என்ன பிரயோசனம்? மத்தியானம் கண்ணயர்ந்து எழும்பினால் சீனி அங்கேதான் நிற்கிறது. வேலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஒரு எலிகூட நுழைய முடியாது. பிறகு ஒருநாள் கிணற்றடியில் கண்டார். கிணற்றுக்குப் பக்கத்தில் வேலி இல்லை, இடுப்பளவு உயரத்தில் ஓர் அரைச்சுவர்தான். இந்தப் பக்கம் சுவரோடு சேர்ந்தாற்போல் உடுப்புத் தோய்க்கிற கல், அந்தப் பக்கம் வெறும் சீமெந்துத் தரை. தியாகராசா சீனியைத் தூக்கிச் சுவருக்கு மேலால் எட்டி, கல்லில் பக்குவமாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். முத்துக்குமாருவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தூக்கி இறக்குகிறவன்தானே தூக்கி எடுத்திருப்பான்! எட்டிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தரையில் உரச்சாக்குகள், மடித்து மடித்து மெத்தைபோல அடுக்கிக் கிடந்தன. என்ரை நாய்க்கு உவன் படுக்கை வேறை போட்டு வைச்சிருக்கிறான் என்று பல்லைக் கடித்தார்.

கொஞ்ச நாளில் சீனி நொண்டத் தொடங்கியது. அதுவும் ஒரு தினுசான நொண்டல். இரண்டு மூன்று எட்டு ஒழுங்காக வைக்கும், பிறகு இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு துள்ளும், காலைப் பின்னுக்கு ஒருமுறை உதறும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல நாலு காலிலும் போகும். குணலட்சுமி முள் குத்தியிருக்கும் என்று பாதத்தை விரித்து விரித்துப் பார்த்தாள். முத்துக்குமாருவுக்கு முள்ளும் தேவையில்லை ஒன்றும் தேவையில்லை, காரணம் கையிலேயே இருந்தது. நாய் அங்கே நிற்கமாட்டேன் என்று இங்கே ஓடி வரப் பார்த்திருக்கும், அவன் உதைத்திருப்பான். அடுத்த சந்தை நாளில், குலை ஏற்றுகிற லொறிக்குப் பக்கத்தில் நின்று, வியாபாரிகள் எல்லாரும் கேட்கச் சொன்னார், தன்னுடைய மச்சான் தன்னுடைய நாயின் காலை அடித்து முறித்துவிட்டார் என்று. தியாகராசா அந்தப் பக்கம் தன்னுடைய குலைகளை இறக்கிக்கொண்டிருந்தார். காதில் விழாமல் இருந்திருக்காது. தலையைக் குனிந்தபடி இறக்கி முடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சொன்னதை நிரூபிக்க வேண்டுமே. அதற்காகத்தான் முத்துக்குமாரு சீனியைப் பட்டணத்து மிருக வைத்தியரிடம் கொண்டு போனார். நாயின் கால் ஒரு பக்கம், தியாகராசாவின் முகத்தில் கரி பூசுவது மறுபக்கம். எது முந்தியது என்று அவரிடம் கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. குணலட்சுமியும் கூடப் போனாள்.

வைத்தியர் தர்சிகா இளம் பெண். நாயைத் தொட முன்பே, அதைக் கீழே விட்டு நடக்கவிடச் சொன்னாள். முத்துக்குமாரு இறக்கினார். சீனி நடக்கவில்லை. அவருடைய காலடியில் குந்தியிருந்து, தூக்கு என்று முன்னங்கால்களை நீட்டியது. கூப்பிட்டுப் பார்த்தார், பணிஸ் காட்டிப் பார்த்தார். கழுத்தை நீட்டியதே தவிர ஓர் எட்டு வைக்கவில்லை. பிறகு தர்சிகா அதை மேசையில் நிற்க வைத்து, பின்னால் நின்றுகொண்டு, இரண்டு முழங்காலையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தடவி, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தாள். சீனி உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு, தொடையைக் கல்லுப்போல இறுக்கிவைத்திருந்தது.

“அடிபட்ட காயமோ வீக்கமோ இல்லை ஐயா. முழங்காற்சில்லு விலகுற மாதிரித்தான் எனக்குத் தெரியுது. ஆனால் பயத்திலை தசையை இறுக்கிப் பிடிச்சால் சில்லு அசையாது. ஆளைத் தளரவிட்டுத்தான் பாக்கவேணும்.”

சில்லு எப்படி விலகும் என்று முத்துக்குமாரு கேட்டார். கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுகிற பள்ளம் இருக்கிறதல்லவா, தொடை எலும்பின் அடியிலும் அப்படி ஒரு பள்ளம் உண்டு, காலை மடக்கி நீட்டும்போது சில்லு அதற்குள்தான் மேலும் கீழும் ஓடும் என்றாள். சின்னச் சாதி நாய்களில் சிலதுக்குப் பிறவியிலேயே பள்ளம் ஆழமில்லை, காலும் கொஞ்சம் வளைவு. கயிறு கப்பியை விட்டுக் கழலுகிற மாதிரிச் சில்லு உள்பக்கம் கழன்றுவிடும். அப்போது கால் பூட்டிக்கொள்ளும், நாய் துள்ளும். உதறினால் சில நேரம் திரும்பப் பள்ளத்துக்குள் விழுந்துவிடும். எந்த அளவுக்கு விலகுகிறது என்பதை வைத்துத்தான் மருந்தா, சத்திரசிகிச்சையா என்று முடிவு எடுக்கலாம். மயக்கிவிட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் மயங்கிய நாய் நடந்து காட்டாது.

“இது ஆரோடை நல்லா நடக்கும்? அவையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“ஒருத்தரோடையும் நடக்காது” என்றார் முத்துக்குமாரு.

“என்ரை அண்ணையோடை நடக்கும்” என்றாள் குணலட்சுமி.

வீடு வந்து சேரும்வரை ஓட்டோவுக்குள் அவர் சீனியை இறுக்கி அணைத்தபடி இருந்தார். வந்த பிறகும் கீழே இறக்கவில்லை. நாய் யாருடையது என்று வைத்தியரே கேட்டுவிட்டதுபோல அவருக்கு நெஞ்சுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. கூட்டிக்கொண்டு போவதா, உவனையா? சந்தையில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன வாயால் இப்போது வா என்று கேட்பதா? கால் தானாகச் சுகப்படும் என்று சொல்லிக்கொண்டு இரண்டு மூன்று நாள் கடத்தினார்.

சுகப்படவில்லை. ஒருநாள் காலையில் சீனி தூக்கிய காலை இறக்கவே இல்லை. உதறி உதறிப் பார்த்தது, வலியில் கத்தியது, பிறகு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது. பணிஸைக் காட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டது. முத்துக்குமாரு பணிஸைப் போட்டுவிட்டு எழும்பினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அந்தப் பக்கம் தியாகராசா முகம் கழுவிக்கொண்டு நின்றார்.

“மச்சான், சீனிக்குக் கால் ஏலாது. டொக்டர் உம்மைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்” என்றார், கிணற்றுக்குள்ளே பார்த்தபடி.

தியாகராசா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சட்டை போட்டுக்கொண்டு வாறன் என்று மட்டும் சொன்னார்.

அவர் வந்து ஓட்டோவில் ஏறியதும் சீனி முத்துக்குமாருவின் மடியில் இருந்து நழுவி அவருடைய மடிக்குப் போனது. முத்துக்குமாரு வெளியே பார்த்தார். கோப்பாய் தாண்டும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியசாலை முற்றத்தில் தியாகராசா நாயைக் கீழே விட்டார். வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாக நடக்கத் தொடங்கினார். சீனி ஒரு கணம் நின்றது. பிறகு, மூன்று காலில்தான், அவருக்குப் பின்னால் போனது. நடுவில் சில்லு உள்ளே விழுந்திருக்கவேண்டும், காலை ஊன்றியது. நாலைந்து எட்டில் மறுபடி தூக்கியது. தர்சிகா பின்னால் நின்று பார்த்தாள், பக்கத்தால் பார்த்தாள், தன்னை நோக்கி நடந்து வரச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தியாகராசாவைக் கதிரையில் இருக்கச் சொல்லி, நாயின் தலை அவருடைய மடியில் கிடக்கும்படி சரித்துப் படுக்கவைத்தாள். சீனி பெருமூச்சு விட்டது. தொடை தளர்ந்தது. முத்துக்குமாருவும் அதைக் கண்டார். தன்னுடைய கக்கத்தில் அது ஒருநாளும் அப்படித் தளர்ந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

தர்சிகா வலது காலை நீட்டி, பாதத்தை உள்பக்கம் திருப்பி, பெருவிரலால் சில்லை அழுத்தினாள். விலகியது, விட்டதும் தானாகவே திரும்பியது. நாலு தரத்தில் இது முதலாம் தரம் என்றாள். இடது காலில் சில்லு ஏற்கெனவே வெளியேதான் இருந்தது. அதை மெல்லத் தள்ளி உள்ளே கொண்டுவந்தாள். விரலை எடுத்ததும் திரும்ப வழுக்கிப் போய்விட்டது. மூன்றாம் தரம். தள்ளினாலும் வராவிட்டால்தான் நாலாம் தரம், அதற்கு முந்திய படியில் நிற்கிறது என்றாள். பிறகு தொடையை ஒரு கையாலும் கெண்டைக்கால் எலும்பை மறு கையாலும் பிடித்து, எலும்பு முன்னுக்கு நழுவுகிறதா, உள்ளே சவ்வு ஏதும் அறுந்திருக்கிறதா என்றும் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம், ஆனால் சத்திரசிகிச்சைதான் செய்யவேண்டும், பேராதனைப் பெரிய மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள் என்றாள்.

முத்துக்குமாரு விடவில்லை. “உதைச்சாலோ அடிச்சாலோ இப்பிடி வராதோ பிள்ளை?” என்று கேட்டார். கேட்கும்போது தியாகராசாவின் பக்கம் பார்க்கவில்லை.

“ரெண்டு காலிலையும் இருக்கு ஐயா, அடியாலை வந்ததில்லை, பிறவியிலை வந்தது. ஆனால் இடது கால் இவ்வளவு கெதியாய் மோசமாகக் காரணம் இருக்கவேணும். எடை கூட, தொடையிலை பலமில்லை. உயரத்திலையிருந்து எங்கையும் பாயுறதோ?”

இல்லவே இல்லை, தூக்கியேதான் வைத்திருப்பேன் என்று முத்துக்குமாரு அடித்துச் சொன்னார். தியாகராசா நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

“பாயுறது” என்றார் கடைசியில். “நீர் பொட்டை அடைச்ச பிறகு கல்லிலை ஏறி, அரைச்சுவராலை என்ரை பக்கம் பாயும். ஒவ்வொரு நாளும். சீமெந்திலை விழுந்து கத்திச்சுது. அதுதான் சாக்கைப் போட்டுவிட்டனான்.”

முத்துக்குமாரு சுவரில் சாய்ந்தார். படுக்கை என்று தான் பல்லைக் கடித்த அந்தச் சாக்குகள், நாய் விழும் இடத்தில் கிடந்த சாக்குகள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தார். எப்படிச் சொல்லியிருப்பார்? கதைக்கிற வழியைக் கம்பி போட்டு இறுக்கியது யார்?

பேராதனைக்கு வான் பிடித்துப் போனார்கள். தியாகராசாவின் மடியில்தான் சீனி படுத்து வந்தது. ஆனையிறவு, கிளிநொச்சி என்று வழி நீளத்துக்கும் முத்துக்குமாரு யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். அங்கே பள்ளத்தை ஆழமாக்கி, தசைநார் பிடிக்கிற எலும்பை நேர்ப்படுத்தி, தைத்துவிட்டார்கள். ஊர் திரும்பிய பிறகு தையல் பார்க்க வந்தபோது தர்சிகா கண்டிப்பாகச் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு ஒரு சின்னக் கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கவேண்டும். பிறகு வாரில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிட்டுத் தொடையைப் பலப்படுத்தவேண்டும். பாயக்கூடாது, பணிஸ் கூடாது, மெலியவேண்டும். யாருடைய வீட்டில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

குணலட்சுமி கணவனைப் பார்த்தாள். தியாகராசா நிலத்தைப் பார்த்தார். முத்துக்குமாருவுக்குத் தன்னைத் தெரியும். முனகினால் தூக்குவார், கெஞ்சினால் ஊட்டுவார். தன்னுடைய அன்பு அந்த நாயை எப்படிச் சுமந்து சுமந்தே முடமாக்கும் என்பதை அவர் கண்ணால் கண்டாகிவிட்டது.

“மச்சான்ரை வீட்டிலை” என்றார். “உவரோடைதான் அது நடக்கும்.”

அன்று பின்னேரமே கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கம்பியை அறுத்து, ஓலையைப் பிய்த்து, பொட்டைத் திறந்துவிட்டார். நாய்க்கு மட்டும் அல்ல, அகலமாகவே வெட்டினார். அடுத்த சந்தை நாளில், அதே லொறிக்குப் பக்கத்தில் நின்று, நாயின் காலைக் கெடுத்தது மச்சான் இல்லை, தான்தான் என்று சொன்னார். வியாபாரிகள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குலையை நிறுக்கப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு முத்துக்குமாரு ஒவ்வொரு பின்னேரமும் விருந்தாளிபோலப் பொட்டால் நுழைந்து போய், தன்னுடைய நாயைப் பார்த்துவிட்டு வந்தார். கூட்டுக்கு முன்னால் குந்தியிருப்பார். சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்ப்பார். தியாகராசா என்ன கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார் என்று கண்ணால் அளப்பார். எரிச்சல் அப்படிச் சுலபமாகப் போகிற சாமானா? சீனி வாலாட்டினால் தனக்கா அவருக்கா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நடக்கவிடுகிற நாள் வந்தது. தியாகராசா நீளமான வாரைக் கையில் பிடித்தபடி, வாழைப்பாத்தி ஓரமாகச் சீனியை இறக்கினார். முத்துக்குமாருவும் குணலட்சுமியும் பொட்டடியில் நின்றார்கள். சீனி மண்ணை மணந்தது. ஒரு கால் வைத்தது, மற்றக் கால் வைத்தது. இடது பின்னங்கால் நிலத்தைத் தொட்டது. தூக்கவில்லை, துள்ளவில்லை. நேராக முத்துக்குமாருவிடம் வந்து, அவருடைய காலடியில் குந்தி, தூக்கு என்று முன்னங்கால்களை நீட்டியது.

அவருடைய இரண்டு கையும் தாமாகவே கீழே போயின. பாதி வழியில் நிறுத்தினார். இழுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டு போய், ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக் கட்டிக்கொண்டார். சீனி கொஞ்ச நேரம் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அவர் குனியவில்லை. அது எழும்பி, திரும்பி, தியாகராசாவிடம் நடந்து போனது.

“நாலு காலும் நிலத்திலை பட்டது, பாத்தனியோ?” என்றார் மனைவியிடம்.

“ஓம்” என்றாள் குணலட்சுமி.

வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பின்னால் கட்டிய கையை அவர் அவிழ்க்கவில்லை.